வீட்டில் முதலிடம், வெளியே ஒன்பதாமிடம்: 1962இல் இத்தாலி அனுப்பிய பிரிவுப் பாட்டு

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 1962இல் மொத்தம் 16 நாடுகள். அதில் கடைசியாகப் பாடிய ஐந்து பேரின் முடிவை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாவதாகப் பாடிய யூகோஸ்லாவியாவுக்கு 10 புள்ளி, அடுத்து பிரிட்டனுக்கு 10, போட்டியை நடத்திய லக்சம்பர்க்குக்கு 11, கடைசியாகப் பாடிய மொனாக்கோவுக்கு 13. நான்கு நாடுகளுமே முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிட்டன. லக்சம்பர்க்குக்கும் மொனாக்கோவுக்கும் நடுவில், பதினைந்தாவதாக மேடையேறிய இத்தாலிக்குக் கிடைத்தது 3.

இத்தனைக்கும் இத்தாலி ஒப்புக்கு ஒரு பாட்டை அனுப்பவில்லை. 'அதீயோ... அதீயோ...' (போய்வருகிறேன், போய்வருகிறேன்) என்ற அந்தப் பிரிவுப் பாட்டு, ஐந்து வாரம் முன்புதான் இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவில் முதல் பரிசு வாங்கியிருந்தது. எழுதியவர்கள் டொமெனிகோ மொடுன்யோவும் ஃப்ராங்கோ மில்யாச்சியும், அதாவது உலகமே 'வொலாரே' என்று பாடித் திரிந்த பாட்டைத் தந்த அதே ஜோடி. பாடியவர் கிளாவ்தியோ வில்லா, அன்றைய இத்தாலியில் அவர் குரல் தெரியாத வீடு இருந்திருக்காது. இவ்வளவு பலத்தோடு போன பாட்டு ஏன் இப்படிச் சரிந்தது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பல இருக்கின்றன, ஆனால் கொஞ்சம் உரசிப் பார்த்தால் அவற்றில் பாதி நிற்காது.

முதலில் சான்ரெமோ. வடமேற்கு இத்தாலியில் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய கடற்கரை ஊர். 1951இல் அங்கே இருக்கும் காசினோவில் பாட்டு விழா தொடங்கியது, சில வருடங்களிலேயே நாடே உட்கார்ந்து பார்க்கிற விஷயமாகிவிட்டது. யூரோவிஷன் என்ற யோசனையே சான்ரெமோவைப் பார்த்து வந்ததுதான். 1955இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூடிப் பேசி, இத்தாலிக்காரர்கள் உள்ளூரில் செய்வதை நாம் நாடுகளுக்கு இடையில் செய்தால் என்ன என்று முடிவெடுத்தார்கள். அடுத்த வருடமே சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் போட்டி நடந்தது. ஆக, யூரோவிஷனுக்கு இத்தாலி கிட்டத்தட்டத் தாய்வீடு. சான்ரெமோவில் ஜெயித்த பாட்டை அப்படியே யூரோவிஷனுக்கு அனுப்புவது இத்தாலிக்கு ரொம்ப இயல்பான வேலையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சான்ரெமோவில் ஒரு வழக்கம் உண்டு, அது யூரோவிஷனில் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே போட்டி பாடகர்களுக்கு இல்லை, பாட்டுகளுக்கு. அதைக் காட்டுவதற்காக ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பாடகர்கள் தனித்தனியாக, தனித்தனி இசைக்கோர்ப்போடு பாடுவார்கள். நம் படங்களில் ஒரே மெட்டு ஒருமுறை துள்ளலாகவும் இன்னொருமுறை சோகமாகவும் வருமே, அந்த மாதிரி கேட்கிறவருக்கு ஒரே பாட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் காதில் விழும். 1962 பிப்ரவரி 8 முதல் 10 வரை நடந்த விழாவில் 'அதீயோ'வை ஒருபக்கம் மொடுன்யோவே பாடினார், மறுபக்கம் வில்லா பாடினார். ஜெயித்தது இந்த இரண்டும் சேர்ந்த பாட்டு. செர்ஜோ ப்ரூனியும் மில்வாவும் பாடிய ஒரு டாங்கோ பாட்டுக்கு இரண்டாமிடம்.

இந்த இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தால்தான் அந்த வெற்றியின் எடை புரியும். மொடுன்யோ தெற்கே, கடலோரப் பாறை மேல் இருக்கும் பொலின்யானோ ஊர்க்காரர். 1958 சான்ரெமோவில் அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு 'வொலாரே' என்று பாடியபோது இத்தாலியப் பாட்டு இரண்டாகப் பிரிந்தது, அதற்கு முன், அதற்குப் பின் என்று. அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருதுகளில் இரண்டை அள்ளிக்கொண்டது. யூரோவிஷனில் மட்டும் மூன்றாமிடம்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், யூரோவிஷன் நடுவர்களின் கணக்கும் வெளியுலகக் கணக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

வில்லா வேறு வார்ப்பு. ரோமில், தைபர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திராஸ்தெவெரேவில் 1926 ஜனவரி 1 அன்று பிறந்தவர், இயற்பெயர் கிளாவ்தியோ பீக்கா. குரலை விரித்து, மேல்ஸ்தாயியில் நிறுத்தி, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துக் கேட்பவரைக் கிறங்கடிக்கும் பழைய பாணி. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'குட்டி ராஜா'. 1955 சான்ரெமோவில் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, இறுதி இரவுக்கு வர முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, ஆளில்லாத மேடையில் அவருடைய இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள், அதற்கே முதல் பரிசும் கிடைத்தது. எனக்கு இந்த வழக்கின் சாவியே இந்தச் சம்பவத்தில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆளே இல்லாமல் ஜெயிக்க வேண்டுமென்றால், கேட்கிற ஒவ்வொருவர் மனதிலும் அந்த ஆள் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

அப்புறம் 1957. வில்லாவும் நுன்சியோ கல்லோவும் பாடிய பாட்டு சான்ரெமோவில் ஜெயித்தது, யூரோவிஷனுக்குப் போனவர் கல்லோ. அவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐந்து நிமிடத்துக்கும் மேல் பாடித் தீர்த்தார், அதே இரவில் பிரிட்டன் பாட்டு இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியைக் கறாராகப் பிடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சான்ரெமோவில் நல்லது என்று நினைப்பதெல்லாம் வெளியே செல்லாது என்பதற்கு முதல் எச்சரிக்கை அது. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1962க்குள் இத்தாலியிலும் காற்று மாறியிருந்தது. முந்தைய வருடம் சான்ரெமோவில் அத்ரியானோ செலென்டானோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராக் அண்ட் ரோல் பாட்டைத் தொடங்கி இரண்டாமிடம் வாங்கினார், பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். அந்தச் சூழலில் பழைய பாணியின் தலைவரும், அதை உடைத்தவரும் ஒரே பாட்டைப் பாடி ஜெயித்தது உள்நாட்டில் ஒரு செய்திதான், ஒருவகையில் சமாதான உடன்படிக்கை மாதிரி. ஆனால் லக்சம்பர்க்கில் உட்கார்ந்திருந்தவருக்கோ ஆஸ்லோவில் கேட்டுக்கொண்டிருந்த நடுவருக்கோ இதில் எதுவும் தெரிய வழியில்லை.

சரி, போட்டி இரவுக்கு வருவோம். 1962 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. இடம் லக்சம்பர்க் நகரப் பூங்காவுக்குள் இருக்கும் வில்லா லூவினி, வானொலி நிலையத்தின் கட்டடம். (பாடகர் பெயரும் வில்லா, கட்டடப் பெயரும் வில்லா, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முந்தைய வருடம் லக்சம்பர்க் ஜெயித்திருந்ததால் அங்கே நடந்தது. இத்தாலி சார்பில் வில்லா மட்டும் போனார். இரண்டு குரலில் ஜெயித்த பாட்டு ஒற்றைக் குரலாகச் சுருங்கியது முதலில் இங்கேதான். பிரான்ஸின் இசபெல் ஓப்ரே 26 புள்ளியோடு ஜெயித்தார், முதல் காதலைப் பற்றிய மென்மையான பாட்டு, இரண்டாமிடத்துக்கு வந்த மொனாக்கோவைப் போல் சரியாக இரண்டு மடங்கு. இத்தாலி ஒன்பதாமிடம். அதுவரை இத்தாலிக்கு இவ்வளவு கீழே போன அனுபவம் இல்லை, 1957இலிருந்து வரிசையாக ஆறு, மூன்று, ஆறு, எட்டு, ஐந்து என்றுதான் வந்திருந்தது.

இப்போது காரணங்கள். பாடும் வரிசை சரியில்லை என்பது ஒரு வாதம், அதற்கான பதிலை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டேன். அந்த இரவில் கெட்ட இடமென்றால் அது முன்வரிசைதான், இரண்டு, மூன்று, நான்காவதாகப் பாடிய பெல்ஜியம், ஸ்பெயின், ஆஸ்திரியா மூன்றுக்கும் பூஜ்யம். இத்தாலிக்குக் கிடைத்தது நல்ல இடம்.

மொழி? முதல் மூன்று இடங்களும் பிரெஞ்சுப் பாட்டுகளுக்கே போயின, பிரான்ஸ், மொனாக்கோ, லக்சம்பர்க். இத்தாலிய மொழியில் பாடியது இத்தாலி மட்டும். அதனால் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாதகம் என்று சொல்லத் தோன்றும், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அன்று பிரெஞ்சில் பாடியவர்கள் மொத்தம் ஐந்து நாடுகள். மற்ற இரண்டு என்ன ஆயின என்று பார்த்தால் சுவிட்சர்லாந்து 2 புள்ளியோடு இத்தாலிக்கும் கீழே, பெல்ஜியம் பூஜ்யம். மொழி மட்டும் காப்பாற்றுவதாக இருந்தால் அவர்களையும் காப்பாற்றியிருக்க வேண்டுமே.

வாக்கு முறை கொஞ்சம் கனமான வாதம். 1961 வரை ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு, அவரவருக்குப் பிடித்த பாட்டுக்கு. அந்த முறையில் ஒரு நாட்டில் ஒரே ஒரு நடுவருக்குப் பிடித்திருந்தாலும் ஒரு புள்ளி வரும். 1962இல் இதை மாற்றி, ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டும் 3, 2, 1 கொடுக்கலாம் என்றார்கள். 16 நாடுகள், தலா 6 புள்ளி, மொத்தம் 96. யோசித்துப் பாருங்கள், ஒரு பாட்டு மற்ற 15 நாடுகளிலும் நான்காமிடத்தில் இருந்திருந்தால், அதாவது எல்லாருக்கும் ஓரளவு பிடித்திருந்தால், அதற்குக் கிடைப்பது பூஜ்யம்! யூரோவிஷன் வரலாற்றில் முதன்முதலாகப் பூஜ்யம் விழுந்ததே அந்த வருடம்தான், ஒன்றில்லை, நான்கு நாடுகளுக்கு. இத்தாலிக்குக் கிடைத்த 3 என்பது ஒரே ஒரு நாடு முதலிடம் கொடுத்தால் வரக்கூடிய அளவு. நாடுகளின் சராசரியே 6 என்பதால் அதில் பாதி. 'அதீயோ' பல நாடுகளில் நான்காவது, ஐந்தாவதாக இருந்து புள்ளிக் கணக்கில் காணாமல் போயிருக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் இதற்கு எதிர்சாட்சி 1967இல் வருகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் சுவையான சாட்சி ஜெர்மனி. அன்று ஏழாவதாக மேடையேறிய கானி ஃப்ரோபோஸுக்கு வயது பதினெட்டு. பாடிய பாட்டின் பெயர் 'இரண்டு சின்ன இத்தாலியர்கள்'. ஜெர்மனிக்குப் பிழைக்க வந்த இரண்டு இத்தாலியத் தொழிலாளிகள் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள், நாப்போலியையும் அங்கே காத்திருக்கும் டீனாவையும் மரீனாவையும் நினைத்து ஏங்குகிறார்கள். மற்றவர்களுக்குத் தெற்கே போவது உல்லாசப் பயணம், இவர்களுக்கு அது வீடு. கருப்பொருள் இப்படிக் கனமாக இருந்தாலும் மெட்டு துள்ளல். 9 புள்ளி, ஆறாமிடம், பிறகு ஜெர்மனியில் மாபெரும் வெற்றி. ஆக, அந்த இரவில் இத்தாலியரின் பிரிவைப் பாடி இத்தாலியைவிட மூன்று மடங்கு வாங்கியது ஒரு ஜெர்மன் பெண். இத்தாலிக்காரர்கள் இதை எப்படிச் சகித்துக்கொண்டார்களோ!

அந்தப் பாட்டு காற்றில் பிடித்து எழுதியதும் இல்லை. 1955 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியும் இத்தாலியும் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போட்டன, அதிலிருந்து ரயில் ரயிலாக இத்தாலியர்கள் வடக்கே போனார்கள். அதற்கும் முன்பே பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள், 1956இல் மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள். போட்டி நடந்த லக்சம்பர்க்கிலேயே, தெற்குப் பக்க இரும்பு ஆலை ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இத்தாலியக் குடும்பங்கள் உண்டு. விடைபெறுவது என்றால் அன்றைய இத்தாலியில் லட்சக்கணக்கானவர்களுக்கு அது சினிமா இல்லை, ரயில்வே பிளாட்பாரம். அந்தப் பிளாட்பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தது ஜெர்மனி, இத்தாலி கொண்டு வந்தது இரண்டு காதலர்களின் விடைபெறல்.

காதலர் பிரிவைப் பாடுவதில் தப்பில்லை, அது என் வாதம் இல்லை. இத்தாலிய மொழி தெரியாத, வில்லாவை முன்பின் பார்த்திராத ஒரு நடுவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஜெர்மன் தெரியாவிட்டாலும் நாப்போலி, டீனா, மரீனா என்ற பெயர்கள் அவர் காதில் விழும், யாரோ எங்கேயோ போக ஏங்குகிறார்கள் என்று ஊகித்துவிடலாம். 'அதீயோ'வில் அவருக்குக் கிடைப்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லும், பெரிய குரல் ஒன்றும்தான். அந்தக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பதினைந்து வருட வாழ்க்கையை, குட்டி ராஜாவை, மொடுன்யோவோடு செய்துகொண்ட சமாதானத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? மொடுன்யோவின் இன்னொரு பிரிவுப் பாட்டு 1959இல் போனதே, மழையும் 'சாவ் சாவ் பம்பீனா' என்ற துண்டு வரியும் உள்ளது, அதற்கு ஆறாமிடம் கிடைத்தது, ஆனால் பாடகி தலீதா முதல் பலர் பல மொழிகளில் பாடி ஐரோப்பா முழுக்கப் பரவியது. மழையும் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வரியும் எல்லை தாண்டும்.

அடுத்த இரண்டு வருடங்கள் இதற்குச் சாதகமாகவே பேசுகின்றன. 1963இல் எமீலியோ பெரிகோலி லண்டனுக்குக் கொண்டுபோனது லேசான பாட்டு, நாலைந்து பெண்களின் பெயரைச் சொல்லி இவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒருவன் திண்டாடுகிறான். 37 புள்ளி, மூன்றாமிடம். 1964இல் கோபன்ஹேகனில் ஜில்யோலா சின்குவெட்டி, வயது பதினாறு, காதலிக்க எனக்கு இன்னும் வயசாகவில்லை என்று தணிந்த குரலில் பாடுகிறார். வரிகள் புரியாவிட்டாலும் மேடையில் நிற்பது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 49 புள்ளி, இரண்டாவதாக வந்த பிரிட்டனுக்கு 17. இத்தாலியின் முதல் வெற்றி அது.

மொடுன்யோவை அனுப்பியிருந்தால் 1962இலேயே நடந்திருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. 1966ஐப் பார்க்கச் சொல்வேன். அதே லக்சம்பர்க், அதே வில்லா லூவினி, இந்தமுறை சான்ரெமோவில் ஜெயித்த காதல் பாட்டோடு மொடுன்யோவே போனார். பூஜ்யம். எழுதியவரே பாடினாலும் உள்ளூர்ப் புகழ் புள்ளியாக மாறாது என்பது அதோடு தெளிவு. அந்த இரவில் ஜெயித்தது எது என்பதும் முக்கியம்: ஆஸ்திரியாவின் உடோ யுர்கென்ஸ், தானே பியானோ முன் உட்கார்ந்து, பிரிந்து போகும் பெண்ணுக்கு நன்றி சொல்லி விடைபெறும் பாட்டு. 31 புள்ளி. நன்றி, போய்வருகிறேன் இரண்டையுமே ஐரோப்பாவில் யாருக்கும் புரியும் பிரெஞ்சுச் சொற்களால் சொன்னார். பிரிவுப் பாட்டு விலைபோகாது என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம், அதுவும் 1962இல் பூஜ்யம் வாங்கிய நாட்டிலிருந்து.

அந்த வெற்றியால் 1967 போட்டி வியன்னாவுக்குப் போனது. அங்கே இத்தாலி சார்பில் மறுபடி வந்தவர் கிளாவ்தியோ வில்லா. அந்த வருடம் அவர் இவா சனிக்கியோடு சேர்ந்து நான்காவது முறையாக சான்ரெமோவில் ஜெயித்திருந்தார், ஆனால் வியன்னாவில் பாடியது அந்தப் பாட்டை இல்லை, இன்னும் தூரமாய்ப் போய்விடாதே என்று கெஞ்சும் வேறொரு பாட்டு. வாக்கு முறையும் பழையபடி ஆளுக்கு ஒரு வாக்கு என்று மாறிவிட்டது, 17 நாடுகள், நாட்டுக்குப் பத்துப் பேர், மொத்தம் 170 வாக்கு. நான்காமிடம், ஐந்தாமிடம் என்று ஒளிந்துகொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. வில்லாவுக்கு வந்தது 4, பதினோராவது இடம்.